பாப்பா மார்பைப் பிடிக்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என் மூத்தவள் பெரிய ஆபரேஷனில் பிறந்தாள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் இருக்கும் என் தாய் வீட்டுக்கு வந்தபோது, அவள் ஒரு முறைகூட என் மார்பைச் சரியாகப் பிடித்திருக்கவில்லை. மருத்துவமனையில் பாட்டிலில் பவுடர் பால் கலந்து கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்று சொன்னார், ஆயா ஒன்று சொன்னார், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "உனக்குப் பால் பத்தல" என்றுதான் எல்லோரும் பேச்சை முடித்தார்கள். அவள் முதன்முதலில் சரியாகப் பிடித்தது 19ஆம் நாள்.

அந்த நாட்களில் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்ததும், பிறகு என் தங்கைக்கும் தெருவில் இருக்கும் சில பெண்களுக்கும் கூட இருந்து செய்ததில் நான் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு ஒரு கையில் அழுகிற குழந்தையும் இன்னொரு கையில் போனுமாக இருப்பவர்கள், உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதையும் முயன்று பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டிய நேரம்

எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடக்கிறது. குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று எதையுமே குடிக்கவில்லை. நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு விடுகிறது, அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிகிறது. வலிப்பு வருகிறது. உடம்பு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறது, அல்லது வயிறுகூடச் சில்லென்று இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிகிறது. எத்தனையாவது நாளானாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருக்கிறது. இரண்டாம் நாளுக்குப் பிறகு 12 மணி நேரமாக ஒரு துணிகூட நனையவில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனித் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உடம்பு சரியில்லாத பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் செலவு கிடையாது. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி மாதிரி மலை ஊர்களில் இருப்பவர்கள், மலை இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்துப் பொழுது சாயும் முன்பே முடிவெடுங்கள். "காலையில பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரியான பிடிப்பு எப்படி இருக்கும்

நர்சம்மா வந்த அன்று முதலில் சொன்னது இதுதான்: "பாப்பா காம்புல குடிக்காது கண்ணு, மார்ல குடிக்கும்." எனக்கு அதுவரை யாரும் இதைச் சொல்லவில்லை. நான் காம்பைப் பிடித்து அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தேன்.

காம்பு குழந்தையின் வாயில் வெகு உள்ளே, அண்ணத்தில் மெத்தென்று இருக்கும் இடம் வரை போக வேண்டும். அதற்குக் காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டத்தில் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் இருக்க வேண்டும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் அது அண்ணத்தின் கெட்டியான பகுதியில் நசுங்கும், உங்களுக்கு வலிக்கும். பால் சரியாக வராது. குழந்தை அழும், அல்லது சோர்ந்து தூங்கும். மார்பு காலியாகாது, பால் கட்டும். கட்டினால் காம்பு தட்டையாகும். பிடிப்பது இன்னும் கஷ்டமாகும். காலியாகாத மார்பில் நாளடைவில் பாலும் குறையும். கீழே தனித்தனியாக எழுதியிருக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளம்புபவைதான். வலிக்கு ஒரு மருந்து, பால் ஊற ஒரு லேகியம், அழுகைக்கு ஒரு மந்திரிப்பு என்று தனித்தனியாக அலைவதற்கு முன் பிடிப்பைப் பாருங்கள்.

நல்ல பிடிப்பில் நான்கு விஷயம் தெரியும். வாய் அகலமாகத் திறந்திருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். தாடை மார்பில் ஒட்டியிருக்கும். கருவட்டம் வெளியே தெரிந்தால் மேலுதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரியும், கீழே கொஞ்சமாகத் தெரியும். குடிக்கும்போது கன்னம் குழியாது. மெதுவான, ஆழமான இழுப்பும் நடுவில் விழுங்கும் சத்தமும் இருக்கும்.

உட்காரும் விதத்தில் ஆரம்பியுங்கள். நம் வீடுகளில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடையில் போட்டு, முதுகை வளைத்து மார்பைக் கீழே இறக்கிக் கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுத்தால் மார்பு குழந்தையின் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் இரண்டு தலையணை வைத்துக் குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றில் ஒட்ட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, குழந்தையால் மட்டும் எப்படி முடியும்?

இடது மார்பில் கொடுப்பதானால் வலது கையால் குழந்தையைத் தாங்குங்கள். உள்ளங்கை தோள்பட்டைகளுக்கு நடுவில், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு காதுகளுக்குக் கீழே. பின்மண்டையை அழுத்தவே கூடாது. அழுத்தினால் குழந்தை தானாகவே தலையைப் பின்னால் தள்ளும். இடது கையால் மார்பைப் பிடியுங்கள்: கட்டை விரல் ஒரு பக்கம், மற்ற நான்கு விரல் மறுபக்கம், கருவட்டத்தைத் தொடாமல் தள்ளி. இரண்டு விரல் இடுக்கில் கத்தரிபோல் பிடித்தால் விரலே குழந்தையின் வாய்க்குத் தடையாக நிற்கும். பெரிய பன்னைக் கடிக்கும்போது வாய்க்கு ஏற்றபடி அமுக்குகிறோமே, அதுபோல் மார்பை லேசாக அமுக்கிக்கொள்ளுங்கள்.

இனி அவசரப்படாதீர்கள். குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும். காம்பால் மேலுதட்டை மெல்ல வருடிவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் விரியும். அந்த நொடியில் குழந்தையை உங்கள் பக்கம் இழுத்து அணையுங்கள். தாடை முதலில் மார்பில் பட வேண்டும். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது, குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். பிடிப்பு சரியில்லை என்றால் இழுத்துப் பிடுங்காமல், சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துக் காற்றை விடுவித்து எடுத்து, மறுபடி வையுங்கள். நான் ஒரே வேளையில் ஆறு ஏழு தடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

பிடிப்பு சரியாகும் வரை உங்களுக்கு மூன்று வேலை இருக்கிறது. குழந்தையின் வயிறு காயக் கூடாது. உங்கள் பால் வற்றக் கூடாது. பிடிப்பைப் பழக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். பட்டினி போட்டால் தானாகப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பசியில் சோர்ந்த குழந்தைக்கு வாய் திறக்கவே தெம்பு இருக்காது.

"மார்புகிட்ட கொண்டுபோனாலே கத்துது, முகத்தைத் திருப்பிக்குது"

என் மகள் செய்தது இதுதான். மார்பு வாசனை பட்டதும் முதுகை வில்லாக வளைத்துக் கத்துவாள். என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்து அழுதேன். அப்படி எதுவும் இல்லை. மூன்று காரணம் இருந்தது: பசி முற்றிய பிறகுதான் எடுத்தேன், பின்மண்டையைப் பிடித்து அழுத்தினேன், பாட்டிலில் உழைக்காமலே பால் கொட்டிப் பழகியிருந்தாள்.

அழுகைதான் பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது, தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடுவது எல்லாம் நடக்கும். அப்போதே எடுங்கள். ஏற்கெனவே கத்த ஆரம்பித்துவிட்டால் மார்பில் வைத்துப் போராட வேண்டாம். தோளில் போட்டுத் தட்டி, அழுகை அடங்கியதும் ஒரு டீஸ்பூன் அளவு பீய்ச்சிய பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுத்துவிட்டு, அந்தச் சிறு நிம்மதியில் மார்பில் வையுங்கள்.

இதற்கு மேல் எனக்கு உதவியது வெற்றுடம்போடு அணைத்திருப்பதுதான். குழந்தைக்கு இடுப்புத் துணி மட்டும். நீங்களும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு மார்புக்கும் நடுவில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, மேலே ஒரு பழைய பருத்திப் புடவையைப் போர்த்துங்கள். மூக்கும் வாயும் மூடாமல் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். தூக்கம் வந்தால் குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தளி, ஓசூர் பக்கம் மார்கழிக் குளிரிலும் இப்படிச் செய்யலாம். உங்கள் உடம்புச் சூடே குழந்தைக்குப் போதும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை செய்யுங்கள். பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தை தானாக நகர்ந்து தேடினால் தேடட்டும். மார்பு என்றால் சண்டை நடக்கும் இடம் என்ற பயம் அதற்கு முதலில் போக வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள். அப்புறம், பார்க்க வந்தவர்கள் சுற்றி நிற்கும்போது இதைச் செய்ய முடியாது. பெரியவர்களை வெளியே போகச் சொல்ல வாய் வராது என்று எனக்குத் தெரியும். "நர்சம்மா சொல்லியிருக்காங்க அத்தை, அரை மணி நேரம் பாப்பாவும் நானும் மட்டும் இருக்கணுமாம்" என்று சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

"காம்பு தட்டையா இருக்கு, உள்ளே போயிருக்கு"

கருவட்டத்தின் ஓரத்தைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்ல அமுக்கிப் பாருங்கள். காம்பு வெளியே எழும்பினால் கவலையே இல்லை. எழும்பாவிட்டாலும், உள்ளே சுருங்கிப் போனாலும், பெரும்பாலான குழந்தைகள் குடிக்கக் கற்றுக்கொள்கின்றன. வாயில் நிறைய வேண்டியது மார்புதானே. கொஞ்சம் கூடுதலாகப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் ஒரு சிரிஞ்சு வழி செய்வார்கள். புதிய 10 மில்லி சிரிஞ்சு ஒன்று. காம்பு பெரிதாக இருந்தால் 20 மில்லி. ஊசி மாட்டும் முனையை பிளேடால் வெட்டிவிட்டு, உள்தண்டை உருவி, வெட்டிய பக்கமாகத் திருப்பி நுழைக்க வேண்டும். வெட்டாத வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, தண்டை மெதுவாக இழுத்து, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வலிக்கும் அளவுக்கு இழுக்கக் கூடாது. எடுக்கும்போது தண்டை உள்ளே தள்ளிக் காற்றை விட்டபிறகே எடுக்க வேண்டும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு, ஒவ்வொரு வேளையும் செய்யலாம். குழந்தை பிறந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், கர்ப்பத்தில் வேண்டாம். முதல் தடவை ஒரு செவிலியரை வைத்துச் செய்துபாருங்கள்.

குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றுவதும் உதவும். குடத்தை இடுப்பில் இடுக்குவதுபோல், குழந்தையின் உடம்பு உங்கள் அக்குளுக்குக் கீழே, கால் பின்பக்கம் போகும்படி, தலை உங்கள் உள்ளங்கையில். இதில் குழந்தையின் வாய் நன்றாகத் தெரியும், தலையும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தையலில் பாரம் விழாது. எனக்கு இரண்டு காரணத்துக்காகவும் இதுதான் ஒத்துவந்தது. சிலிக்கான் காம்பு உறையைக் கடையில் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். வேறு எதுவும் பலிக்காதபோது, செவிலியரோ மருத்துவரோ அளவு பார்த்துச் சொன்னால் மட்டும்.

ஒரு பெரியம்மா என் காதுபடவே "சிலருக்கு அமைப்பு இல்ல" என்றார். உங்களிடமும் யாராவது சொல்வார்கள். அது உண்மை இல்லை.

"மார் கல்லா கட்டிக்கிச்சு"

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும். குழந்தை சரியாக எடுக்காவிட்டால் மார்பு கல்லாகி, தோல் மினுமினுத்து, காம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆபரேஷனில் குளுக்கோஸ் நிறைய ஏறியவர்களுக்குக் கருவட்டத்திலேயே நீர் கோத்து வீங்கும். ஊதிய பலூனை வாயால் கவ்வ முடியாததுபோல் குழந்தையால் அதைக் கவ்வ முடியாது.

கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். பிறகு இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பைச் சுற்றி வட்டமாக வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் நிதானமாக அழுத்தியிருங்கள். வீக்கம் பின்னால் நகர்ந்து கருவட்டம் மெத்தென்று ஆகும். கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி விட்டு, உடனே குழந்தையை வையுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி. இறுக்கமான உள்ளாடை வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பால் கட்டினால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. என் ஆயாவும் அன்போடு இரண்டு முழம் வாங்கிவரச் சொன்னார். மல்லிகைப்பூ பாலை வற்றவைக்கும் வைத்தியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பால் சுரப்பைக் குறைக்க அந்தப் பூ உதவுவதாகவே கண்டார்கள். குழந்தையை இழந்த தாய்க்கும் பால் நிறுத்த வேண்டியவர்களுக்கும் உரியதை, பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தையின் தாய்க்குச் செய்யக் கூடாது. தலையில் வைத்துக்கொள்ளுங்கள், மார்பில் வேண்டாம்.

ஒரு இடம் மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் காய்ச்சலும் வந்தால் அது மார்பு அழற்சி. அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சீழ் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

"வாய் வச்சதும் உயிர் போற வலி, காம்புல புண்"

முதல் சில நொடி இழுக்கும்போது சுருக்கென்று இருப்பது முதல் வாரத்தில் சகஜம். அதற்கு மேலும் வலி தொடர்ந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக இருந்தால் பிடிப்பு சரி, ஒரு பக்கம் சீவியதுபோல் நசுங்கி, நுனி வெளுத்திருந்தால் காம்பு மட்டும்தான் வாயில் இருந்திருக்கிறது.

புண்ணுக்குக் கடைசியில் வரும் கெட்டியான பாலையே இரண்டு சொட்டு தடவிக் காற்றில் உலரவிடுங்கள். சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். வைக்கவே முடியாத அளவு புண் என்றால் ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்துவிட்டு ஆறவிடலாம். பிடிப்பு சரியாக இருந்தும் காம்பு பளபளவென்று சிவந்து எரிகிறது, குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருக்கிறது என்றால் அது பூஞ்சை. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து வாங்க வேண்டும்.

"ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிடுது"

குறைமாதக் குழந்தைகளும், 36 வாரத்தை ஒட்டிப் பிறந்தவையும், மஞ்சள் காமாலை வந்தவையும் இப்படிச் செய்யும். இவை பசித்தாலும் அழாது. "சாதுவான புள்ள" என்று விட்டுவிடாதீர்கள். 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுங்கள். மேல்துணியைக் கழற்றுங்கள், உள்ளங்காலைத் தேயுங்கள், ஈரத் துணியால் முகத்தைத் துடையுங்கள். இழுப்பு நிற்கும்போது மார்பை உங்கள் கையால் மெல்ல அமுக்கினால் பால் வாயில் விழும், மறுபடி விழுங்கத் தொடங்கும்.

மஞ்சள் பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்றாம் நாளில் வந்து, இரண்டு வாரத்துக்குள் தானாக வடியும். அடிக்கடி பால் குடித்து அடிக்கடி வெளிக்குப் போனால் சீக்கிரம் வடியும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். எவ்வளவு மஞ்சள் என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் நீல விளக்கில் வைப்பார்கள்.

"ஒரு பக்கம்தான் குடிக்குது"

பிடித்த பக்கத்தில் ஆரம்பித்து, பால் நன்றாக இறங்கியதும், குழந்தையைத் திருப்பாமல் அதே வாட்டத்தில் மறு மார்புக்கு நகர்த்துங்கள். கழுத்தை ஒரு பக்கமே வைத்திருந்தாலோ, ஒரு கையை அசைத்தால் அழுதாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தை அது.

"குடிக்கும்போது டொக் டொக்குனு சத்தம், ஓரத்துல பால் வழியுது"

பெரும்பாலும் பிடிப்பு மேலோட்டமாக இருப்பதுதான். எடுத்து மறுபடி வையுங்கள். பால் வேகமாகப் பீறிட்டு, குழந்தைக்குப் புரையேறினால் முதல் பாய்ச்சலைத் துணியில் விட்டுவிட்டு, நீங்கள் பின்னால் சாய்ந்து குழந்தையை மேலே படுக்கவைத்துக் கொடுங்கள். அப்படியும் சத்தம் நிற்கவில்லை, அழும்போது நாக்கு கீழுதட்டைத் தாண்டி வரவில்லை, நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் தெரிகிறது என்றால் நாக்கின் அடிச் சவ்வு குட்டையாக இருக்கலாம். குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்வார். எல்லாச் சவ்வையும் வெட்ட வேண்டியதில்லை. தேவையென்றால் சிறு வேலைதான்.

"பால் பத்தல, பவுடர் வாங்கிட்டு வா"

இது அறிகுறி இல்லை, பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சு. ஆனால் தாய்ப்பால் நின்றுபோன பல வீடுகளில் இந்தப் பேச்சில்தான் தொடங்கியிருக்கிறது.

முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் போதும். மார்பு மெத்தென்று இருப்பதும், கையால் பீய்ச்சினால் சொட்டுகூட வராததும், சாயங்காலத்தில் மணிக்கொரு தடவை குடிக்கக் கேட்பதும் பால் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஈரத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3, ஐந்தாம் நாளிலிருந்து 6 அல்லது அதற்கு மேல். மலம் முதலில் கறுப்பு, பிறகு பச்சை, ஐந்தாம் நாளை ஒட்டி மஞ்சள். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால், சிறுநீரில் செங்கல்பொடி நிறக் கறை வந்துகொண்டே இருந்தால், உள்ளே போவது குறைவு என்று பொருள்.

எடையும் பாருங்கள். முதல் நாட்களில் எடை குறையும், பயப்படாதீர்கள். 2.8 கிலோவில் பிறந்த குழந்தை 2.6 வரை இறங்கினால் அது 7 சதவீதம், பரவாயில்லை. 2.5ஐ ஒட்டினால் 10 சதவீதத்தைத் தொடுகிறது, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் உங்கள் பால் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் எடை பார்க்கலாம். ஒரே தராசில் பாருங்கள். அந்தத் தாளை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டினேன். பேச்சு பாதி அடங்கியது.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல்லில் காவிக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதற்காகத்தான். தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் புளோரைடு மிக மிகக் கொஞ்சம்தான் இறங்கும். அதே தண்ணீரில் பவுடரைக் கரைத்தால் முழுவதும் குழந்தைக்குப் போகும். கொதிக்கவைத்தாலும் புளோரைடு போகாது. மருத்துவர் சொல்லிப் பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால் ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். மருத்துவர் சொன்னதற்காகக் கொடுத்தவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்; குழந்தையின் வயிறு காயக் கூடாது என்பதுதானே முதல் வேலை.

சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது; அதிலிருக்கும் கிருமி பச்சிளங்குழந்தைக்கு வாதம்போல் உடம்பைத் துவளவைக்கும். உங்களுக்குப் பூண்டும் முருங்கைக்கீரையும் பால்சுறாவும் கொடுத்தால் நன்றாகச் சாப்பிடுங்கள். களியும் சாப்பிடுங்கள். ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பாலைக் கூட்டுவது மார்பு எத்தனை தடவை காலியாகிறது என்பதுதான்: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை.

"என்ன செஞ்சும் பிடிக்கல, பத்து நாளாச்சு"

அப்படியென்றால் முதல் இரண்டு வேலையையும் விடாமல் செய்துகொண்டே இருங்கள். நாளுக்கு 8 தடவை பீய்ச்ச வேண்டும், அதில் ஒன்றாவது நடுராத்திரிக்குப் பிறகு. பால் ஊறவைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். கையைக் கழுவிவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலில் வழுக்கித் தேய்க்கக் கூடாது. விரலைச் சுற்றிலும் நகர்த்திச் செய்யுங்கள். பக்கம் மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம். முதல் ஓரிரு நாள் சொட்டுக் கணக்கில் வரும். கரண்டியிலேயே பிடித்துக் கொடுங்கள். வெளியில் வைத்த பாலை 4 மணி நேரத்துக்குள், பிரிட்ஜில் வைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் வைக்காமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

பாட்டில் வேண்டாம், பாலாடையோ சங்கோ போதும். ஆனால் மல்லாக்கப் போட்டு ஊற்றும் பழைய முறை ஆபத்து. பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். குழந்தையை ஏறக்குறைய உட்காரவைத்ததுபோல் சாய்த்துப் பிடித்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தையே நக்கிக் குடிக்கும். ஒவ்வொரு முறையும் பாலாடையை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுங்கள். சந்தேகம் என்றால் 104ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம், பகலில் உங்கள் ஊர் செவிலியரை வரச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் பாலாடையைக் கொடுத்துவிட்டு நீங்கள் பீய்ச்சுங்கள். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்து தாங்க முடியாது. எனக்கு ராத்திரி 1 மணி வேளையை அவரும், விடியற்காலை வேளையை அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள்.

19ஆம் நாள் விடியற்காலை நாலரை மணி இருக்கும். பத்து மில்லி பாலாடையில் கொடுத்துவிட்டு, அவளை வெற்றுடம்போடு நெஞ்சில் போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவளாகவே கீழே நகர்ந்தாள், தலையால் இரண்டு மூன்று தடவை முட்டினாள், கொட்டாவி மாதிரி வாயைத் திறந்து இடது மார்பைப் பிடித்தாள். வலிக்கவில்லை. அம்மாதான் "முழுங்குறா பாரு, சத்தம் கேக்குது" என்றார். வலது பக்கம் பிடிக்க இன்னும் ஆறு நாள் ஆனது. அதுவரை அந்தப் பக்கத்தைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில்தான் கொடுத்தேன்.